காமெராவிடம் சொன்ன தூரம்

மலாக்கா பக்கம், பெம்பான் செம்பனைத் தோட்டத்துக் குளத்தில் முதலை இருக்கிறது என்று நான் சொன்னபோது, உஷாராணியின் சாலையோர ஒட்டுக்கடையில் ஒருவரும் தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைக்கவில்லை. எத்தனை அடி அங்கிள் என்று அவள் மட்டும் கேட்டாள். இருபது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

அவர்கள்மேல் தப்பில்லை. அதே தோட்டத்தில் ஒருமுறை கட்டை என்று நினைத்து மலைப்பாம்பின்மேல் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். சாப்பிட்டு எழுந்தபோது பக்கத்து டிவிஷனில் இருந்தேன். இதைச் சொன்ன நாளிலிருந்து ஊருக்கு என்மேல் நம்பிக்கை கொஞ்சம் கம்மி. நடந்ததைத்தான் சொன்னேன்.

முதலை விஷயம் வேறு. என் மனைவி பெரியநாயகியின் தம்பி வீரமுத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தினமும் சாயங்காலம் அந்தக் குளத்தில்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறான். குளத்தை ஒட்டிய வீட்டு முனியாண்டியின் வாத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முனியாண்டி பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டு முறைத்துக்கொண்டிருந்தான்.

கைப்பேசியில் முதலையைப் படம் எடுத்துக் காட்டினேன். வீரமுத்து இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, ஏ.ஐ. என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அவன் மகன் போன வாரம் இதே ஒட்டுக்கடையில் டைனோசர் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிடுவது போல் ஒரு படம் செய்தானாம். அதற்கு முன்னால் என் முதலை சுமார்தானாம்.

அன்றைக்குச் சோறு போடும்போது பெரியநாயகி சொன்னாள்: "மத்த கதையெல்லாம் சொல்றப்ப ஒங்க மொகம் கல்லு மாதிரி இருக்கும். இதைச் சொன்னதுலேர்ந்து ஒங்களுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நெசம்தான்னு எனக்குத் தெரியும். என் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க பாம்புதான் காரணம்."

வழி சொன்னவர் கடையின் மூலை மேசைக்காரர் நவரட்ணம். நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சையும் அளந்துதான் பேசுவார். பிலிமில் எடுத்தால் நெகட்டிவ் கையில் இருக்கும், அதை எவனும் ஏ.ஐ. என்று தள்ள முடியாது என்றார். அவருடைய அப்பா காலத்துக் காமெராவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

சின்னப் பெட்டி, டுரியான் பழத்துக் கனம். பிலிமின் நாக்கை எதிர்ப்பக்க உருளையில் செருகி, மூடி, பிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது இடது பக்கக் குமிழும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பிலிம் நகரவில்லை, எடுப்பதெல்லாம் வீண். வெயிலுக்கு லென்ஸ் துளையைச் சிறிதாக்க வேண்டும், மங்கலுக்குப் பெரிதாக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு உடனே வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். அந்தக் காமெராவுக்குத் தானாகத் தூரம் தெரியாது. எதிரே இருப்பது எத்தனை அடியில் இருக்கிறது என்று லென்ஸின் வளையத்தைத் திருப்பி நாம்தான் சொல்ல வேண்டும்.

முதல் பிலிமை மலாக்கா டவுனில் கழுவி வாங்கினோம். துணி காயப்போடும் பெரியநாயகி, ரொட்டி வீசும் உஷாராணி, தோட்டத்து லோரி, எல்லாம் மழை பெய்யும் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மாதிரி கலங்கிப் போயிருந்தன. உஷாராணியை எடுக்கும்போது எத்தனை அடி வைத்தீர் என்று நவரட்ணம் கேட்டார். இருபது என்றேன். நான் நின்ற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். ஒன்பது.

"நாங்கள் சிரிச்சுப்போட்டு விட்டிடுவம் காணும்," என்றார். "இது நீர் சொல்லுறதை அப்பிடியே நம்புது."

அந்த டேப்பை வாங்கிக்கொண்டேன். கண்ணில் பட்டதையெல்லாம் மனதுக்குள் அளந்து, பிறகு டேப்பை வைத்துச் சரிபார்த்தேன். கசாயம் குடிப்பது போல் இருந்தது. வாசலிலிருந்து கேட் வரைக்குமான தூரம் என் கணக்கில் பாதியாகச் சுருங்கியது. நம் வீடு முன்பு இதைவிடப் பெரியது என்று பெரியநாயகியிடம் சொன்னேன். அதற்குள் முனியாண்டியிடம் ஒரே ஒரு வாத்துதான் மிச்சம்.

இரண்டாவது பிலிமைப் போட்டு, குமிழ் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, குளக்கரைக்குப் போனேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீரமுத்து எனக்கு முதுகைக் காட்டியபடி தண்ணீரில் நின்றான். நான் கரையில் ஒரு செம்பனை மரத்தோடு ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் போதாமல் துளையை முழுக்கத் திறந்தேன். அதிலும் ஒரு வம்பு. துளை பெரிதாக இருந்தால் தூரக் கணக்கு கொஞ்சம்கூடப் பிசகக் கூடாது என்று நவரட்ணம் எச்சரித்திருந்தார்.

குளத்தில் ஆகாயத்தாமரை மெத்தை போலக் கிடந்தது. அதில் ஒரு இடம் பிளந்தது. காற்று இல்லை, அலை இல்லை. இலைகள் தாமாக ஒதுங்கி வழிவிட்டன. முதலில் இரண்டு கண்கள், பிறகு முதுகு. வீரமுத்துவின் வலது தோளுக்குப் பின்பக்கமாக அது வந்துகொண்டிருந்தது.

முதலை என்று கத்தினேன். அவன் திரும்பவில்லை. வலையை உதறிக்கொண்டே கேட்டான்.

"இன்னிக்கு எத்தனை அடி மச்சான்?"

காமெரா கண்ணில், விரல் வளையத்தில். எனக்கும் அதற்கும் பதினைந்து அடி. அவனுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான். என் கண், பழக்கிவிட்ட நாய் மாதிரி, மூக்கிலிருந்து வால் நெளிகிற இடம்வரை தானாக ஓடி அளந்தது. வாய் இருபதுக்குத் தயாராகத்தான் இருந்தது. வரவில்லை.

"ஏழு," என்றேன். "ஏழுக்கு மேல போகாது."

வலை அவன் கையில் அப்படியே நின்றது. என் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் என் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எதையும் நான் குறைத்துச் சொல்லிக் கேட்டதே இல்லை. அவன் கழுத்து மெதுவாக வலது பக்கம் திரும்பியது.

வலையை அதன் முகத்தில் எறிந்தான். தண்ணீர் வெடித்தது. கைலியை ஒரு கையில் பிடித்தபடி அவன் என்னை நோக்கி ஓடிவந்தான். வளையம் பதினைந்தில் இருந்தது. அவன் பதினைந்துக்கு வந்ததும் என் விரல் தானாக அழுத்திவிட்டது.

படம் அருமையாக வந்தது. வீரமுத்துவின் மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. முதலைதான் இல்லை. அது வலையோடு அடியில் போய்விட்டிருந்தது.

கடையில் வீரமுத்து படத்தை மேசையில் வைத்து, முதலை பதினெட்டு அடி என்று சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். மச்சானோடு சேர்ந்து நீயும் கெட்டுப்போனாய் என்றான் முனியாண்டி. வீரமுத்துவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். இந்த ரோஷத்துக்கே நாளைக்குப் புது வலையோடு இறங்குவான். உஷாராணி என் பக்கம் திரும்பி, அங்கிள் கணக்கு எத்தனை, முப்பதா என்றாள்.

ஏழு என்றேன்.

நவரட்ணம் முதலில் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். முனியாண்டி மிச்ச வாத்தைக் கூண்டில் அடைக்க எழுந்து போனான். உஷாராணி வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போட்டாள்.

அவர்கள் வைத்த பொறியில் முதலை விழுந்தது. அதிகாரி டேப்பைப் பிடித்து அளந்தார். ஏழு அடி, ஒரு சாண்.

வீரமுத்து கம்பிக்கு அந்தப் பக்கம் அந்த வாயையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் அருகே வந்து, தணிந்த குரலில் கேட்டான்.

"மச்சான், அந்த மலைப்பாம்பு... அது எத்தனை அடி?"

"அளக்கல," என்றேன். "அதுமேலதான உக்காந்திருந்தேன்."