வெயிலில் பார்த்த கொட்டகை

அளவெல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

தொண்ணூற்றிரண்டு நவம்பர் மழையில் கண்மாய் உடைந்து, தேவதானத்தில் ஒரு தெருவே கரைந்து போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த முப்பது குடும்பங்களுக்காகக் காண்ட்ராக்டர் சுந்தரபாண்டியன் ஐந்து நீளக் கொட்டகைகள் போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஆறு அறைகள். வருவாய் ஆய்வாளரான நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் பள்ளியைக் காலி செய்துவிடுவார்கள்.

கூரைக்குத் தென்னங்கிடுகு அடர்த்தியாக வேய்ந்திருந்தார்கள். தரையை மேடேற்றி இறுக்கியிருந்தார்கள். ஆனால் கட்டி முடித்து நாலு நாளாகியும் ஒருவரும் குடிவரவில்லை. அடுப்புக் கரி இல்லை, ஒரு கொடிக்கயிறுகூட இல்லை.

"பள்ளிக்கூடம் கெட்டிக் கட்டடம்ல மேடம், சனங்களுக்குப் பழகிப்போச்சு. நீங்க பூட்டச் சொன்னாத்தான் கெளம்புவாக" என்றார் சுந்தரபாண்டியன்.

அப்படியும் இருக்கலாம். ஆனாலும் முப்பது குடும்பமும் ஒன்றுபோல வராமலிருக்குமா? பள்ளிக்கு நடந்தேன்.

ஒரு வகுப்பறை வாசலில் கருத்தம்மாள் என்பவள் காவல்போல உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் மகள் நாச்சியார். பிரசவமாகிப் பன்னிரண்டு நாள்.

"ஏன் அங்க யாரும் போகலை? பேய் எதுவும் இருக்கா?"

"பேயின்னா வெரட்டிப்புடலாமே!" என்று சிரித்தாள். "வாற ஆபீசர் எல்லாரும் வெயில்லயே வந்து பாத்துட்டுப் போறிய. வாங்க, செத்த நேரம்."

சிமினி விளக்கும் தீப்பெட்டியுமாக எனக்கு முன்னால் நடந்தாள். என்னைக் கொட்டகையின் கடைசி அறையில் விட்டு, விளக்கையும் தீப்பெட்டியையும் என் கையில் கொடுத்து, வாசல் தட்டியைச் சாத்தினாள். அடுத்த அறைக்குப் போய் அதையும் சாத்திக்கொண்டாள்.

"பத்த வச்சுட்டு உங்க பாட்டுக்கு இருங்க."

பற்ற வைத்தேன். இரண்டு அறைக்கும் நடுவே தடுப்பாகக் கட்டிய துணி வெள்ளைச் சுவர்போல நின்றது. தனியாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தபடி நின்றேன்.

"இப்ப ஊக்கைக் கழட்டி வாயில வச்சிருக்கிய" என்றது குரல். "முந்தியை மடிக்கிய. அடிவயித்துல ஒரே எடத்தையே தடவுறிய. வலியாம்மா?"

கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருடம் முன்பு, பிள்ளை தங்காமல் போனபோது போட்ட தையல். அதை நான் தொட்டுக்கொண்டே இருக்கிறேன் என்பது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குமே அப்போதுதான் தெரிந்தது. வெட்கத்தைவிட ஆச்சரியமாக இருந்தது. ஒரு துணிக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு இவ்வளவு தெரியுமா?

துணியை விரலால் நெருடினேன். இராஜபாளையத்தில் நெய்கிற பேண்டேஜ் துணி. காயத்துக்குக் காற்று வேண்டுமென்று இழைக்கு இழை இடைவெளி விட்டு நெய்தது.

"எம் மக பால் குடுக்கணும், துணி மாத்தணும்" என்றாள் கருத்தம்மாள். "வெளக்கு வச்சா அம்புட்டும் தெரியுது. முன்னால வந்தவிய ஆம்பளை ஆபீசரு. அவியட்ட எப்படிச் சொல்ல?"

வெளியே வந்து சுந்தரபாண்டியனிடம் கேட்டேன்.

"தடுப்பு உண்டா இல்லையான்னுதான ஆபீஸ் ஃபாரத்துல கேக்காக? அதான் இருக்கே மேடம்!"

விளக்கை அவர் கையில் கொடுத்தேன். "உள்ள போயி வேட்டியை அவுத்துக் கட்டிட்டு வாங்க. நாங்க பக்கத்து அறையில நிக்கோம்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் உள்ளே போனார். துணிக்கு அப்பால் அவருடைய கை வேட்டி முடிச்சில் போய் நிற்பது துல்லியமாகத் தெரிந்தது.

"கட்டுங்கண்ணாச்சி, கூச்சப்படாதிய!" என்றாள் கருத்தம்மாள்.

விளக்கு அணைந்தது. வெளியே வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைச் சாயந்தரத்துக்குள்ள துணியை எடுத்துட்டு எல்லா அறைக்கும் ஓலைத் தட்டி அடிச்சுருதேன்."

"அடிச்சதும் விளக்கோட வாரேன்" என்றேன். கையெழுத்துப் போடவில்லை. அதுவரை வகுப்பறைகளைப் பூட்டக்கூடாதென்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன்.

கருத்தம்மாள் பள்ளிவரை என்னோடு நடந்து வந்தாள். "கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே. வலியா?"

"இல்லை. கை சும்மா அங்க போகுது."

அவள் தலையாட்டிக்கொண்டாள். குழந்தை அழுதது. உள்ளிருந்து நாச்சியார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.