அறுபத்துமூன்றில் வந்த கிறுக்கு

பன்றி அறுக்கும் நாளில் ரத்தம் கலக்குவது நோட்புர்காவின் வேலை. சாசேஜில் சேர்ப்பதற்காக வாளியில் பிடிக்கும் சூடான ரத்தம் உறையாமலிருக்க, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்பது வயதில் ஆரம்பித்தவளுக்கு இப்போது அறுபத்துமூன்று.

"இந்த வருஷமும் உங்க மக வரலியா?" என்று கேட்டான் கத்தி பிடித்திருந்த கசாப்புக்காரன் வென்சல்.

"மகாராணிக்கு இறைச்சி ஆகாதாம்," என்றான் நோட்புர்காவின் புருஷன் ஆல்பின். "இருபது வயசுல வர்ற கிறுக்கு. அப்ப வரலேன்னா அப்புறம் யாருக்கும் வராது."

அந்த நேரம் பார்த்து, அறுபட்ட கழுத்தோடு பன்றி எழுந்துவிட்டது. மயக்குவதற்காக மண்டையில் சுட்டது சரியாகப் படவில்லை. ரத்தம் பீறிட ஓடி, ஆல்பினைச் சாணத்தில் தள்ளி, சுவரில் மோதிச் செத்தது. வென்சல் சிரித்துவிட்டான்.

ஆல்பின் கோடரியை எடுத்துச் செத்த பன்றியின் மண்டையில் போட்டான். மண்டை பிளந்து கண் தெறித்த பிறகும் நிறுத்தவில்லை. "என்கிட்டயேவா உன் திமிரு? என்கிட்டயேவா?"

அந்தக் கேள்வியையும் மூச்சிரைப்பையும் சமையலறைத் தரையில் கிடந்தபடி நோட்புர்கா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இப்போது எழுந்து, ரத்த வாளியை முற்றத்துப் பனியில் கவிழ்த்தாள்.

"சாசேஜுக்கு என்னடி பண்றது?" என்று கத்தினான் ஆல்பின்.

"நான் இனி இறைச்சி தொடமாட்டேன்."

"இந்த வயசுலயா?" என்றான் வென்சல்.

அவள் ஆல்பினின் கையிலிருந்து கோடரியைப் பிடுங்கி, அவனை நோக்கி ஓங்கினாள்.

"எனக்கு இப்பத்தான் வந்திருக்கு. உன் கிறுக்கு எப்ப விடும், சொல்லு."

ஆல்பின் பதில் சொல்லும்வரை கோடரியை அவள் இறக்கவில்லை.