ஆற்றுக்கு இந்தப் பக்கம் மாமன்

சோழகக் காற்று படுத்துக் கிடந்த பின்னேரம். காற்றில்லாத நாளில், ஆலங்குடாவுக்கு, இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓட வந்த வெள்ளைக்காரர்களுக்கு வேலையில்லை. அவர்களைப் பழக்குகிற ஃபைஸலுக்கும் வேலையில்லை. டோனல் என்கிற அயர்லாந்துக்காரன் ஈரமணலில் குந்தியிருந்து ஃபைஸலுக்கு ஏதோ சொல்லியபடி ஒரு ஆற்றைக் கீறி, இந்தக் கரையில் ஒரு பெரிய சங்கும் அந்தக் கரையில் ஒரு சின்னச் சங்கும் வைத்தான். பக்கத்தில் கிழிந்த வலையோடு இருந்த இப்றாஹிம் கேட்காதவர் போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபைஸல் அவருடைய மருமகன். ஒரே வீட்டுச் சோறு. ஆனால் மூன்று மாதமாக நேருக்கு நேர் கதையில்லை. மன்னாரில் காடு மூடிக் கிடக்கிற மாமனாரின் பழைய காணியை வெட்டித் துப்புரவாக்கி அங்கேயே குடியிருக்கப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று தொடங்கியது. "உன்ட மாப்பிள்ளைட்ட சொல்லு" என்று இவர் மகள் ஸும்ராவிடம் சொல்வார். "வாப்பாட்ட சொல்லு" என்று அவனும் அவளிடமே சொல்வான். கோபம் வந்தால் அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். விடிந்தால் லொறி வருகிறது. வாப்பா வாய் திறந்து போ என்று சொல்லாமல் ஏறமாட்டேன் என்று ஸும்ரா சொல்லிவிட்டாள். அப்படிச் சொன்னவள் இப்போது வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது இடையில் நிற்க வெள்ளைக்காரனை விட்டால் ஆளில்லை.

"என்னவாம் கீறுறான்?" என்று டோனலைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

ஃபைஸலும் டோனலைப் பார்த்தே மறுமொழி சொன்னான். "அவங்கட நாட்டுச் சண்டையாம். பொயின் எண்டு ஒரு ஆறு. ரெண்டு ராசா. இந்தப் பக்கம் மாமன், அந்தப் பக்கம் மருமகன். மாமன்ட ராசக் கதிரையில மருமகன் ஏறி இருந்துட்டானாம்."

இப்றாஹிமின் கை நின்றது. "தம்பி, இது ஒன்ட கதையா, தமிழாக்கிச் சொல்றவர்ட கதையா?" என்று டோனலையே கேட்டார்.

டோனலுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் நாலைந்து. இந்தக் கரையில் வைத்த பெரிய சங்கைத் தொட்டு, "மாமா" என்றான். கதை அவனுடையதுதான் என்று கிழவர் அடங்கினார்.

"எப்ப நடந்த?"

"ஆயிரத்தி அறுநூத்தித் தொண்ணூறுல."

தொண்ணூறு. இயக்கம் முஸ்லிம்களை விரட்ட, கைக்குழந்தை ஸும்ராவைத் தோளில் போட்டுக்கொண்டு உடுத்த உடுப்போடு மன்னாரில் வள்ளம் ஏறிய வருசமும் ஒரு தொண்ணூறுதான்.

"ஆறு வத்தின நேரம் பாத்து மருமகன்ட ஆக்கள் தண்ணிக்குள்ள இறங்கிட்டாங்களாம். மாமன் கனபேரை மேல்பக்கம் அனுப்பிட்டார், ஆபத்து அங்காலதான் வருதெண்டு. கடைசியில அவர் கப்பலேறிப் போனவர்தானாம், அந்த நாட்டுப் பக்கம் திரும்பியே வரல்ல."

"அவரை நம்பி நிண்ட சனம்?"

டோனல் கனநேரம் கதைத்தான். ஃபைஸல் மெதுவாகச் சொன்னான்: "காணிபூமி போச்சாம். இவன்ட ஆக்களும் ஊரை விட்டுப் போனவங்கதான். கனகாலத்துக்குப் பிறகு ஒருத்தர் திரும்பி வந்து அதே ஆத்தங்கரையில வீடு கட்டினாராம். வேலிக்கு அங்கால இருக்கிறது மருமகன் பக்கத்துச் சனம். இப்ப ரெண்டு வீட்டாரும் ஒரே தோணியில மீனுக்குப் போறாங்களாம்."

"அடிபடுறல்லையா?"

"வருசத்துல ஒருநாள் மருமகன் பக்கத்துச் சிலபேர் அந்தச் சண்டையில வெண்டதுக்கு மேளம் அடிச்சுக்கொண்டு போவாங்களாம். அண்டைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளுவாங்களாம். அடுத்த நாள் மீனுக்குப் போகணுமே."

இப்றாஹிமுக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக்கிக்கொண்டார்.

தண்ணீர் ஏறத் தொடங்கி, முதல் நுரை ஆற்றின் வாயைத் தொட்டது. அவர் எழுந்து வந்து பெரிய சங்கை எடுத்தார். மண்ணை உதறினார். ஆற்றைத் தாண்டி, சின்னச் சங்குக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"மன்னார்க் காணியில உடைமுள்ளு ஆளுயரம் நிக்கும்" என்றார் கடலைப் பார்த்து. "வீட்டுல இருக்கிற கத்தி வெண்டிக்காய்தான் வெட்டும்."

பிறகு ஃபைஸல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "லொறியில முன்னுக்கு எத்தினை பேர் இருக்கலாம், மகன்?"

ஃபைஸல் பழக்கதோஷத்தில் டோனலைப் பார்த்தான். டோனல் தோளைக் குலுக்கினான்.

அடுத்த அலை வந்து ஆற்றை நிரப்பியது. இரண்டு சங்குகளும் உருண்டு, ஒரே பக்கமாக ஒதுங்கின.