அண்ணன் பேசாத காலை

“ஏய் வாலு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா?” என்று ஒரே காலையில் அண்ணன் என்னிடம் ஏழு முறை கேட்டிருக்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் படிப்பை விட்டேன் என்பது அவன் மண்டையில் தங்கவே இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கப் போய் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, எதுவுமே பத்து நிமிடத்துக்கு மேல் அவனிடம் நிற்பதில்லை.

இரண்டு வாரம் முன்பு அவன் மூளைக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். நேற்றுதான் அதை இயக்கினார்கள். “இன்னைக்கு நடந்தது நாளைக்கு ஞாபகம் இருந்தா நிம்மதியா இருக்கலாம்” என்றார் டாக்டர்.

வெளியாள் முன்னால் வாய் திறக்காத நான் அண்ணனிடம் மட்டும் வாயாடி. நேற்று மாலையில் அவன் தலைத் தழும்பைப் பார்த்து, “பொம்மைக்கு பேட்டரி போட்டாச்சா?” என்றேன். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“நாளைக்கு உன்கூட ஒரு வார்த்தை பேசுறேனா பாரு!”

“முதல்ல அது ஞாபகம் இருக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

இன்று காலை டீயை நீட்டினேன். வாங்கிக் குடித்தான். பழைய கேள்வி வந்துவிடுமோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளரை டொக்கென்று வைத்தான்.

“இன்னும் கோபமாண்ணா?” என்றேன்.

முறைத்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போய்விட்டான்.