கட்டளைக்குப் படியாத தண்ணீர்

அலெக்ஸாந்திரியாவில் கடலோரக் கிளப் ஒன்றின் நீச்சல் குளத்துக்கு, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ரிஃப்அத் பாஷா மேலாளராக வந்தார். முப்பது வருடம் படை நடத்தியவருக்குத் தண்ணீர் எம்மாத்திரம்? வந்த அன்றே தண்ணீர் சோதிக்கும் நஜ்லாவைக் கூப்பிட்டார். அவள் வேதியியலில் முதுகலை படித்தவள். அதனாலேயே அங்கே அவள் பேச்சை யாரும் கேட்பதில்லை.

"பி.எச். எவ்வளவும்மா?"

"ஏழரை, பாஷா. கண்ணுக்கும் தோலுக்கும் அதுதான் ஒத்துக்கும்."

"நடுநிலைன்னா ஏழு. நானும் பள்ளிக்கூடம் போனவன்தான். ஆசிட் ஊத்தச் சொல்லு."

ஏழரை அங்கேதான் பிடித்தது.

தினமும் காலையில் ஆசிட் ஊற்றினார்கள். அளவு சற்று இறங்கும். மாலைக்குள் பழைய இடத்துக்கு ஏறிவிடும். பாஷாவுக்கு முகம் சிவந்தது.

"தண்ணியில பைகார்பனேட் இருக்கு, பாஷா. ஊத்துற ஆசிட்டை அது வாங்கிக்குது, கரியமில வாயுவா வெளிய அனுப்பிடுது. அதான் சமநிலைக்குத் திரும்புது. அது தீர்ந்துபோச்சுன்னா சட்டுனு விழும்."

"எதிர்க்குதுன்னு சுருக்கமா சொல்லேன். நாளைக்கு ரெண்டு மடங்கா ஊத்துங்க."

பத்தாம் நாள் அளவு நாலரைக்கு விழுந்தது. பதறிப்போய்க் காரத்தைக் கொட்டச் சொன்னார், பத்துக்குத் தாவியது. மறுபடி ஆசிட். பம்புக்காரர் சாபிர் தினமும் வந்து பவ்யமாகக் கேட்பார்: "தங்கச்சி, இன்னிக்கு எந்தக் கேனு?"

அமிலத் தண்ணீர் வெந்நீர்க் கருவியின் செம்புக் குழாயை அரித்து, செம்பு குளத்தில் கலந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தவர் கிளப் தலைவரின் மனைவி இன்ஜி அம்மையார். பொன்னிறச் சாயம் பூசிய கூந்தலோடு இறங்கினார். முலூகியாக் கீரைப் பச்சைக் கூந்தலோடு ஏறினார். அவர் போட்ட சத்தம் துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

அன்று மாலை பாஷா தனியாகச் சோதனை அறைக்கு வந்தார். நஜ்லா ஒரு கோப்பைத் தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து, அளவுமானியை வைத்து, ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குமிழி வந்தது, அளவு அவ்வளவாக நகரவில்லை. பாஷா குனிந்து பார்த்தார்.

"இன்னொரு சொட்டு விடு... இன்னொண்ணு."

விட்டுக்கொண்டே இருந்தாள். குமிழி அடங்கியது. அடுத்த சொட்டில் அளவு தடாலென்று விழுந்தது.

பாஷா நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அவளுக்குக் கோபம் பொங்கியது. அவரோ இன்னும் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

பாதித் தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் நிரப்பி, மூட்டை மூட்டையாகச் சமையல் சோடா கொட்டினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் குளம் தெளிந்து, பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள்.

தீவிர ஆராய்ச்சிக்குப் பிறகு தாமே தீர்வைக் கண்டுபிடித்ததாகப் பாஷா தலைவருக்குக் கடிதம் எழுதினார். தட்டச்சு செய்ய நஜ்லாவிடம்தான் வந்தது. வேதியியல் பிழை இரண்டு இருந்தது, திருத்தினாள். மற்றதை அப்படியே விட்டுவிட்டாள்.