தண்ணி குடிக்கும் வள்ளம்

நந்திக்கடல் நீரேரியில் இனிக் கால் வைப்பதில்லை என்று அருந்ததி முடிவெடுத்துப் பதினாறு வருடமாகிறது. பதினாலு வயதில், போரின் கடைசிச் சண்டைக்குள், அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் அதை நடந்தே கடந்தவள். வழிநெடுக அப்பா ஒன்றைத்தான் சொன்னார்: “கீழை பாக்காதை, பிள்ளை.” அவள் பார்த்தாள். பார்த்ததை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் இன்று பாய்வள்ளத்தில் ஏறியதற்குக் காரணம் ஏழு வயது மகள் யதுர்ஷிகா. அப்பாவோடு போயே தீருவேன் என்று அது ஒற்றைக்காலில் நின்றது. தனியே அனுப்ப அருந்ததிக்கு மனம் வரவில்லை.

கணவன் விஜிதரனுக்கு வள்ளப் பைத்தியம். சேற்றில் புதைந்து கிடந்த பெரியப்பாவின் வள்ளத்தைக் கிண்டி எடுத்து, எட்டு மாதம் கொட்டிலில் வைத்துப் பலகை மாற்றி, பாயும் தைத்தான். காய்ந்த வள்ளத்தை மூன்று நாளாவது தண்ணீரில் ஊறப்போட வேண்டும்; பலகை ஊதினால்தான் இடுக்குகள் அடைபடும். ஐயாவுக்கு எங்கே பொறுமை? ஒரு இரவு ஊறியதே போதும் என்று காலையில் பாயை விரித்துவிட்டான்.

நடுவில் போனதும் அருந்ததியின் பாதம் நனைந்தது. குனிந்தால், பலகை இடுக்கெல்லாம் தண்ணீர். பார்த்திருக்கக் கணுக்காலுக்கு ஏறியது.

“பயப்பிடாதை. வள்ளம் தண்ணி குடிக்குது” என்றான் விஜிதரன், பாய்க்கயிற்றை விடாமல்.

பலகை ஊறுகிறது என்பதற்கு வள்ளக்காரர் சொல்லும் பேச்சு அது. அருந்ததிக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. அன்று தண்ணி குடித்தவர்கள் எவரும் எழும்பி வரவில்லை.

அவள் யோசிக்கவேயில்லை. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குதித்துவிட்டாள்.

இடுப்பளவுதான் தண்ணீர். கால் சேற்றில் புதைந்தது. அது அவளுக்குத் தெரிந்த சேறு. ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாமல் நின்றாள். பாரம் குறைந்த வள்ளம் விலகிப் போயிருந்தது. விஜிதரன் பாயை இறக்கிவிட்டு, நீளத் தடியால் ஊன்றித் திருப்பிக்கொண்டிருந்தான். கலங்கிய தண்ணீர் மெல்லத் தெளிந்தது.

“கீழை பாக்காதை, பிள்ளை” என்றாள் அருந்ததி. அப்பாவின் சொல் தன் வாயில் வந்ததை அவள் சொன்ன பிறகுதான் உணர்ந்தாள்.

யதுர்ஷிகா அதற்குள் குனிந்துவிட்டாள்.

“ஏனம்மா? கீழை மீன்குஞ்சுதானே நிக்குது.”

அருந்ததி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு, மகளின் கால்களைப் பிடித்த பிடியை விடாமல், மெல்லக் குனிந்தாள்.