இருபத்தேழாவது விக்கெட்

ஸ்ரீதரன் ஒரே கதையை முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வேறு கதை தெரியாத மனுசன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் மூத்த மகன் பிருந்தனின் பிறந்தநாள் அன்று, யூலை இருபத்தெட்டு, கேக் வெட்டி முடிந்ததும் யாரும் கேட்காமலே தொண்டையைச் செருமுவார். ஸ்டேடியம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

கதை இதுதான். 1991, ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஜெகதீஸ்வரிக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சனி இரவு பக்டரியில் ஓவர்டைம் செய்தவர்களை முதலாளி மறுநாள் நேரே ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனார். அன்றைக்கென்று பார்த்து மொன்றியல் எக்ஸ்போஸ் அணி ஒரு பேர்பெக்ட் கேம் எறிந்தது. எதிரணியில் அடிக்க வந்த இருபத்தேழு பேரில் ஒருவன்கூட முதல் தளத்தைத் தொடவில்லை. அந்த அணி உயிரோடு இருந்த காலம் முழுக்க அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான். "கடைசி விக்கெட், இருபத்தேழாவது, பந்து மேலை போகுது, ஐம்பதாயிரம் சனமும் எழும்பி நிக்குது," என்று ஸ்ரீதரன் கையை மேலே தூக்குவார். பேஸ்போலில் விக்கெட் இல்லை என்று பிள்ளைகள் கத்துவார்கள். "எல்லாம் ஒண்டுதான்," என்பார். "அந்த நேரம்தான் இவன் பிறக்கிறான்! சனம் வெளியிலை விட்டால்தானே நான் வர?"

இதில் பிள்ளை பிறந்தது மட்டும்தான் உண்மை.

ஓவர்டைம் இல்லை, முதலாளி இல்லை, ஸ்டேடியமும் இல்லை. சனி பின்னேரம் தொடக்கம் திங்கள் காலைவரை மனுசன் ஒரு சிநேகிதனின் அறையில் முந்நூற்றி நாலு விளையாடிக்கொண்டிருந்தார். சீட்டு, சாராயம், ஆட்டிறைச்சிக் கறி. திங்கள் காலை வீட்டுக்கு வந்தால் கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. கீழ்வீட்டு அல்போன்சம்மா கதவைத் திறந்து, "ஆம்பிளைப் பிள்ளை, போய்ப் பாரும்," என்று மட்டும் சொல்லி, முகத்தில் அடிக்கிற மாதிரிக் கதவைச் சாத்தினா. வழியில் டெப்பனரில், மூலைக்கடையில், பேப்பர் கிடந்தது. முன்பக்கத்தில் கையை உயர்த்திய ஒரு பந்துவீச்சாளர், மேலே பிரெஞ்சில் ஒரே ஒரு சொல், பார்ஃபே, அதாவது பேர்பெக்ட். கடைக்காரர் சந்தோசத்தில் அழாத குறையாக எதையோ விளக்கினார். ஸ்ரீதரனுக்கு அப்போது பிரெஞ்சு பத்துச் சொல் தெரியும், பேஸ்போல் ஒன்றும் தெரியாது. பேப்பரை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்தப் படத்தையும் தலைப்பையும் மட்டும் வெட்டி ஜெகதீஸ்வரி பிறேம் போட்டா. மொன்றியல் கோட்-டெ-நெய்ஜ் வீட்டு விறாந்தையில் அது இன்றைக்கும் தொங்குகிறது.

இந்த வருடம் இருபத்தெட்டு திங்கட்கிழமையில் வந்தது. அதனால் லவாலில் இருக்கிற பிருந்தனின் வீட்டில் முதல்நாள் ஞாயிறு மத்தியானமே விருந்து வைத்துவிட்டார்கள். பேத்தி வித்தியாவுக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறைக்கு பேஸ்போல் காம்ப் போகிறாள். அங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு நாளை எடுத்து, அந்தத் திகதியில் பேஸ்போலில் என்ன நடந்தது என்று எழுதிப் பெரிய நாட்காட்டி செய்கிறார்கள். வித்தியா விடுவாளா? அப்பாவின் பிறந்தநாளைப் பிடித்துக்கொண்டாள். போதாததற்கு, "என்ரை அப்பப்பா அண்டைக்கு அங்கை இருந்தவர்," என்று பயிற்சியாளரிடம் சொல்லியும் விட்டாள். அந்த மனுசன் துள்ளிக் குதித்து, வெள்ளிக்கிழமை அப்பப்பா வந்து எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று கடிதம் கொடுத்து விட்டிருந்தார்.

கேக் வெட்டியாயிற்று. ஸ்ரீதரன் செருமப் போன நேரம் வித்தியா கதிரையில் ஏறி நின்று தன் தாளைப் பிரெஞ்சில் வாசித்தாள். வருசம், திகதி, இருபத்தேழு பேர், எல்லாம் சரி. பிறகு நிறுத்தி, தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பப்பா, நீங்கள் லொஸ் ஏஞ்சலீசுக்குப் போனனீங்களோ?"

"எதுக்குப் பிள்ளை?"

"மட்ச் அங்கைதானே நடந்தது. எங்கடை டீம் அங்கை போய்த்தான் விளையாடினது."

ஸ்ரீதரனின் காது இரண்டும் சூடேறின. 1991இல் அவர்களுடைய அகதிக் கேஸ் முடியவில்லை, பாஸ்போட் கிடையாது, அமெரிக்க எல்லைப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. அது அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெகதீஸ்வரி கையில் கேக் தட்டோடு அவரைத் திரும்பிப் பார்த்தா.

"பெரிய திரையிலை," என்றான் பிருந்தன். "இஞ்சத்தை ஸ்டேடியத்திலை பெரிய திரையிலை காட்டினவங்கள். சனமெல்லாம் போய்ப் பாத்தது. அப்பா அதைத்தான் சொல்லிறவர். வித்தியா, இறங்கு, விழப்போறாய்."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் றொஷினி தேத்தண்ணி வைக்க எழும்பினாள். ஸ்ரீதரனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மகன் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்லிவிட்டான். அந்தப் பதில் அவனிடம் கனகாலமாக ஆயத்தமாக இருந்திருக்கிறது.

பின்வளவில் பிருந்தன் கோழிக்கால் சுட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

"எப்பவிலை இருந்து தெரியும்?"

பிருந்தன் கோழியைத் திருப்பிப் போட்டான். "பத்து வயசிலை. வகுப்பிலை எழும்பி நிண்டு சொன்னன், என்ரை அப்பா பேர்பெக்ட் கேமை ஸ்டேடியத்திலை பாத்தவர் எண்டு. டீச்சர் நல்ல மனுசி, ஒண்டும் சொல்லேல்லை. பின்வரிசை வாங்கிலை இருந்த ஒருத்தன் சொன்னான், உன்ரை அப்பாவுக்கு நல்ல கண், மொன்றியலிலை இருந்து லொஸ் ஏஞ்சலீஸ் தெரியுது எண்டு. வருசம் முடியுமட்டும் எனக்கு அதுதான் பட்டம்."

ஐயோ, பத்து வயசு! அதற்குப் பிறகு இருபத்து மூன்று பிறந்தநாள். ஒவ்வொன்றிலும் இவர் கையைத் தூக்க, இவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். ஸ்ரீதரனுக்கு நிலத்துக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"வருசத்திலை அண்டைக்கு ஒருநாள்தானே அப்பா நீங்கள் என்னைப் பற்றிக் கதைக்கிறனீங்கள். அதையும் நிப்பாட்டச் சொல்லிறதோ?" பிறகு குரலைத் தணித்தான். "எங்கை இருந்தனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். வெள்ளிக்கிழமை நானும் வாறன், பெரிய திரை எண்டே சொல்லுவம். அம்மாவுக்கு மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவ அதை நம்பிக்கொண்டிருக்கிறா."

மகனுடைய வாயால் இதைக் கேட்க நேர்ந்ததே என்று ஸ்ரீதரன் கூசிப்போனார். தான் பெற்ற பிள்ளை தன் பொய்க்கு முண்டுகொடுத்து நிற்கிறான், அதுவும் பெற்றவள் நோகக்கூடாது என்பதற்காக. சுட்ட கோழியை ஒரு வாய்கூட வைக்காமல் போய்க் காரில் ஏறினார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், பாலத்தில் வழக்கம்போல வீதி வேலை நடந்தது. மூன்று பாதை ஒன்றாகி, கார்கள் அசையாமல் நின்றன. ஜெகதீஸ்வரி நல்ல குசியில் இருந்தா. முப்பது வருசம் கார்டெறி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்தவ, பேத்தி பிரெஞ்சில் வாசித்த வடிவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தா.

"இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமை அந்தப் படத்தையும் கொண்டு போவம். பிறேமைத் துடைச்சு வைக்கிறன். பிள்ளையளுக்குக் காட்டலாம்."

ஸ்ரீதரன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பெரிய திரை என்று சொல்ல வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

"நான் அண்டைக்கு ஸ்டேடியத்துக்குப் போகேல்லை," என்றார். "திரையும் இல்லை, ஒண்டும் இல்லை. சீட்டு விளையாடினனான். குடிச்சுக்கொண்டு. பேப்பரைக் கண்டாப் பிறகுதான் உமக்கு அந்தக் கதையைச் சொன்னனான்."

முன்னால் நின்ற கார் இரண்டு அடி நகர்ந்தது, இவரும் நகர்த்தினார். வெட்கத்தில் அவவின் பக்கம் திரும்பவே முடியவில்லை. ஏசட்டும், நாலு ஏச்சு ஏசினால் நல்லது என்று நினைத்தார்.

"அல்போன்சம்மா என்னை ஆஸ்பத்திரி வாசலிலை விட்டிட்டுப் போட்டா," என்றா கடைசியில். "அவவின்ரை சின்னன்கள் தனிய வீட்டிலை. எனக்கு ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. குத்து வந்து வந்து போகுது. ஒரு நேர்ஸ் கடுதாசியோடை வந்து பேர், பேர் எண்டு கேட்டவள். தமிழிலை கேக்கிறாளோ எண்டு எனக்கு அழுகையே வந்திட்டுது. ஜெகதீஸ்வரி எண்டு சொன்னன். அவள் தலையை ஆட்டிப்போட்டுத் திரும்பவும் பேர் எண்டாள். நானும் திரும்பவும் என்ரை பேரைச் சொன்னன். நாலு தரம். அவளும் களைச்சுப்போய் எழுதிக்கொண்டு போட்டாள்."

பேர் என்றால் பிரெஞ்சில் அப்பா. ஸ்ரீதரனுக்கு இப்போது அந்தச் சொல் நன்றாகத் தெரியும்.

"அடுத்தநாள் காலமை அல்போன்சம்மா வந்து கடுதாசியைப் பாத்திட்டுத்தான் சொன்னா, தேப்பன் எண்ட இடத்திலை என்ரை பேர் கிடக்குதெண்டு. சிரிச்சவ. பேந்து நான் அழுததைக் கண்டு நிப்பாட்டிப்போட்டா. அப்ப முடிவெடுத்தனான், அது அப்பிடியே கிடக்கட்டும் எண்டு. அவ போய் ஒரு மணித்தியாலத்திலை நீங்கள் பேப்பரோடை ஓடி வந்தியள். ஆயுசிலை ஒருக்கால்தான் இப்பிடி நடக்கும் எண்டு சொன்னியள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் சந்தோசத்திலை எண்டு நினைச்சன். ஒருக்கால்தான் நடக்கிற விசயமெண்டால் மனுசன் பாத்திட்டுப் போகட்டும் எண்டு மனம் ஆறிப்போச்சு."

பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். ஸ்ரீதரன் காரை எடுக்கவில்லை.

"பின்னேரம் அந்த நேர்ஸைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, என்ரை பேரை வெட்டுவிச்சு, உங்கடை பேரைப் போடுவிச்சன்," என்றா ஜெகதீஸ்வரி. "போட்டிருக்கக் கூடாது."